நூலும் சேலையும்
மரபுவழி பற்றிய ஒரு வாதமும் அதன் குறையும்

“தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை” என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பெற்றோரின் நிறமும் மூக்கும் முடியும் பிள்ளைகளிடம் அமைவது கண்கூடு. ஆதலின் அறிவும் ஊக்கமும் அவ்வாறே வந்து சேரும் என்று மக்கள் எண்ணுவது இயல்பே. திண்ணைப் பேச்சாக இருக்கும்வரை இவ்வெண்ணத்தால் பெருந்தீங்கு விளைவதில்லை. ஆனால் ஓர் அரசு அதனைச் சலுகையாகவும் கட்டுப்பாடாகவும் மாற்ற முற்படுமாயின், அவ்வெண்ணத்தை நிறுத்துப் பார்ப்பது அறிஞர் கடமையாகிறது. சிங்கப்பூரில் அத்தகைய முயற்சி ஒன்று நிகழ்ந்தது. அதன் அரசியல் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. அதன் அறிவியல் அடிப்படை போதிய அளவு ஆராயப்பட்டதாகத் தோன்றவில்லை.

1983 ஆகஸ்ட் 14 ஆம் நாள் நிகழ்த்திய தேசிய தினப் பேருரையில், அந்நாள் பிரதமர் லீ குவான் யூ ஒரு கவலையை வெளியிட்டார். 1980 ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி, பட்டம் பெற்ற பெண்கள் பலர் மணமின்றி இருந்தனர். மணந்தோரும் குறைவான பிள்ளைகளையே பெற்றனர். பள்ளிப்படிப்புக் குறைந்த பெண்களோ மிகுதியான பிள்ளைகளைப் பெற்றனர். மனிதனின் திறமையில் 80 விழுக்காடு பிறப்பால் அமைவது, 20 விழுக்காடே வளர்ப்பால் அமைவது என்று அவர் கூறினார். தனித்தனியே வளர்க்கப்பட்ட ஒத்த இரட்டையரைப் பற்றி அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சியை அதற்குச் சான்றாகக் காட்டினார். இந்நிலை நீடித்தால் அடுத்த தலைமுறையின் திறமை தாழும் என்பது அவர் கண்ட முடிவு.

உரை உரையோடு நின்றுவிடவில்லை. 1984 இல் பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில், கல்வியும் வருமானமும் குறைந்த இளந்தாய்மார் ஓரிரு பிள்ளைகளுக்குப் பின் கருத்தடை அறுவை செய்துகொண்டால் 10,000 வெள்ளி வழங்கும் திட்டமும் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு விகிதம், 1980 ஆம் ஆண்டுத் தேர்தலைவிட ஏறத்தாழ 13 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. இதற்கு வேறு காரணங்களும் உண்டு எனினும், இத்திட்டத்தின்பால் மக்கள் கொண்ட வெறுப்பும் ஒரு காரணம் என்பதை எவரும் மறுக்கவில்லை. 1985 இல் பள்ளி முன்னுரிமை கைவிடப்பட்டது.

வாக்குச் சீட்டு ஒரு திட்டத்தைத் தோற்கடிக்கலாம். ஒரு கருத்து மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிக்க அதனால் இயலாது. திட்டம் மறைந்த பின்னும் கருத்து மறையவில்லை. பூன் லே போன்ற தொழிலாளர் குடியிருப்பில், பள்ளிப் படிப்பை இடையில் விட்ட தாய் ஒருத்தி தன் மகனின் மதிப்பெண் தாளைப் பார்த்து, “என் பிள்ளைதானே, என்னைப் போலத்தான் இருப்பான்” என்று பெருமூச்சு விடுவாளாயின், அவள் வாயிலாகப் பேசுவது அவ்வுரையின் கருத்தே. அவள் அவ்வாறு சொல்வதற்கு மரபியல் இடம் தருகிறதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பட்டாணி சொன்ன உண்மை

மரபியலின் தொடக்கம் ஒரு துறவியின் தோட்டத்தில் அமைந்தது. இன்று செக் நாட்டில் உள்ள புருனோ நகரின் மடம் ஒன்றில் வாழ்ந்த கிரகோர் மெண்டல், பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் கலந்து வளர்த்துத் தம் முடிவுகளை 1865 இல் எடுத்துரைத்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் அவர் கலந்தபோது, முதல் தலைமுறையில் எல்லா விதைகளும் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் அழிந்துவிட்டதோ என்று தோன்றியது. ஆனால் அடுத்த தலைமுறையில் 5,474 விதைகள் உருண்டையாகவும் 1,850 விதைகள் சுருங்கியும் வந்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்பது கணக்கு.

இதிலிருந்து பெறப்படும் உண்மைகள் இரண்டு. பண்புகள் பாலும் நீரும்போல் கலந்து கரைந்துவிடுவதில்லை. மரபணு என்னும் தனித்தனி அலகுகளாகவே கைமாறுகின்றன. ஒவ்வொரு பண்புக்கும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு அலகுகள் வருகின்றன. அவற்றுள் ஒன்று மறைந்து கிடந்து பின்னொரு தலைமுறையில் வெளிப்படலாம். ஆகவே கண்ணுக்குப் புலனாகும் பண்பு வேறு, உள்ளே கடத்தப்படும் அலகு வேறு. இவ்வேறுபாட்டை மறந்தவர் மரபியலின் முதற்படியையே மறந்தவராவர்.

மனிதரிடம் இக்கணக்கு மேலும் விரிகிறது. மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்கள் மனித உயிரணுவில் 23 இணைகளாக உள்ளன. ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒன்றையே தாய் தன் பிள்ளைக்குத் தருகிறாள், தந்தையும் அவ்வாறே. எந்த ஒன்று என்பது தற்செயல். இவ்வொரு வகையில் மட்டுமே பெற்றோருள் ஒருவர் தரக்கூடிய சேர்க்கைகள் 83 இலட்சத்துக்கு மேற்படும். குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதையும் சேர்த்தால் எண்ணிக்கைக்கு எல்லையே இல்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஐவரும் ஐந்து விதமாக இருப்பது இதனால்தான். பட்டதாரித் தாயின் மரபணுக்கள் ஒரு கட்டாகக் கட்டப்பட்டு அப்படியே மகளிடம் சேர்வதில்லை. கல்லாத தாயினுடையவும் சேர்வதில்லை.

பால்மரத் தோட்டத்தின் பாடம்

இவ்வுண்மையை விளக்கப் பூன் லே மண்ணே ஒரு சான்று தருகிறது. அவ்வட்டாரம் சூ பூன் லே என்னும் வணிகரின் பெயரைத் தாங்குகிறது. ஜூரோங்கின் தொழிற்பேட்டைகள் 1960களில் எழுவதற்கு முன், அவருக்குரிய நிலத்தில் மிளகும் பின்னர் இரப்பரும் விளைந்தன. இரப்பர் இத்தீவுக்கு வந்தது 1877 இல். இலண்டனையடுத்த கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. மலாயாத் தோட்டங்களில் அம்மரங்களைச் சீவிப் பால் எடுத்தவர்களுள் தமிழரே பெருந்தொகையினர்.

தோட்டக்காரர்கள் பட்டறிவால் ஒன்றைக் கண்டனர். ஒரு மரம் ஏராளமாகப் பால் தரும். அதன் விதையை எடுத்து நட்டால், வளரும் கன்றுகளுள் சில நன்றாகவும் பல நடுத்தரமாகவும் சில மிகக் குறைவாகவும் பால் தரும். தாய்மரத்தின் சிறப்பு விதைவழி உறுதியாக வருவதில்லை. ஆகவே 1910களில் டச்சுக்காரர்கள் தம் ஆட்சியிலிருந்த கிழக்கிந்தியத் தீவுகளில், சிறந்த மரத்தின் மொட்டை எடுத்து வேறு கன்றின் தண்டில் ஒட்டும் முறையை வளர்த்தனர். ஒட்டுக்கன்று தாய்மரத்தின் மரபணுக்களை மாற்றமின்றிப் பெறுகிறது. மனிதரோ ஒட்டுக்கன்றாகப் பெருகுவதில்லை, விதைவழியே பெருகுகின்றனர்.

மனிதரிடமும் இது அளந்து காணப்பட்டது. இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரத்தையும் ஒப்பிட்டு 1886 இல் வெளியிட்டார். மிக உயர்ந்த பெற்றோரின் பிள்ளைகள் சராசரியைவிட உயரமாக இருந்தனர். ஆயினும் பெற்றோர் அளவுக்கு இல்லை. மிகக் குள்ளமானோரின் பிள்ளைகள் பெற்றோரைவிட உயர்ந்தனர். இருபுறத்தாரும் நடுவை நோக்கித் திரும்பினர். மரபுவழியை மாபெரும் ஆற்றலாகக் கருதிய கால்டனின் கணக்கே, சிறப்பும் தாழ்வும் முழு அளவில் தொடர்வதில்லை என்று காட்டிற்று.

எண்பது என்பது எதில் எண்பது?

உரையின் உயிர்நாடி 80 விழுக்காடு என்னும் எண். அவ்வெண் பிழையான கணக்கு என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதன் பொருளையே சரியாக உணர வேண்டும். பூன் லேயின் பால்மரம் ஒன்று ஒரு கோப்பைப் பால் தந்தது என்று வைத்துக்கொண்டால், அதில் எத்தனை துளி மரபணு தந்தது, எத்தனை துளி மழை தந்தது என்று பிரித்துக் கூற இயலுமா? மரமின்றி மழையால் பால் இல்லை. மழையின்றி மரத்தால் பால் இல்லை. ஒரு தனி மனிதனின் அறிவில் எண்பது பங்கு பிறப்பு, இருபது பங்கு வளர்ப்பு என்று சொல்வதும் இத்தகையதே.

மரபியலார் கணக்கிடுவது வேறு. ஒரு கூட்டத்தில் மனிதருக்கு மனிதர் காணப்படும் ஏற்றத்தாழ்வில், மரபணு வேறுபாட்டோடு தொடர்புடைய பகுதி எவ்வளவு என்பதே அவர்கள் கேட்கும் வினா. அதற்குரிய விடை அக்கூட்டத்தின் சூழலைப் பொறுத்து மாறும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே உணவு, ஒரே ஆசிரியர், ஒரே நூல் கிடைக்கும் ஊரில் எஞ்சும் வேறுபாடு பெரும்பாலும் பிறப்பால் வந்ததாகவே இருக்கும். அங்கு எண் உயரும். பாதிப் பிள்ளைகள் பள்ளியையே காணாத ஊரில் அவ்வெண் தாழும். இரண்டு ஊர்களிலும் மரபணுக்கள் ஒன்றாகவே இருக்கலாம்.

ஒட்டுக்கன்றுகளைக் கொண்டு இதனை மேலும் தெளியலாம். ஒரே மரத்தின் ஒட்டுக்கன்றுகள் ஒத்த இரட்டையர் போன்றவை. அவற்றை ஒரே தோட்டத்தில் ஒரே பராமரிப்பில் நட்டால் பால் ஏறத்தாழ ஒத்தே இருக்கும். ஒரு பகுதியை நல்ல மண்ணிலும் மற்றொரு பகுதியை நீர் தேங்கும் நிலத்திலும் நட்டு, ஒன்றைக் கைதேர்ந்தவரிடமும் மற்றொன்றைப் பழகாதவரிடமும் சீவக் கொடுத்தால் பால் ஒத்திருக்குமா? இராது. இங்கே மரபணுவில் வேறுபாடு சிறிதும் இல்லை. வேறுபாடு முழுவதும் சூழலால் வந்தது.

மின்னசோட்டா ஆராய்ச்சியாளரும் இதனை அறிந்தே இருந்தனர். தாமஸ் பூச்சார்டும் அவர் குழுவினரும் 1990 இல் தம் முடிவுகளை ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டபோது, அறிவுத்தேர்வு மதிப்பெண் வேறுபாட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு மரபணுவோடு தொடர்புடையது என்றனர். அவ்விடத்திலேயே ஓர் எச்சரிக்கையும் செய்தனர்: தம்மால் ஆராயப்பட்ட இரட்டையருள் கொடிய வறுமையிலோ எழுத்தறியாத பெற்றோரிடமோ வளர்ந்தவர் மிகச் சிலரே, ஆதலால் அத்தகைய சூழலுக்கு இவ்வெண்ணைப் பொருத்துதல் தகாது என்பது அதன் கருத்து. 1983 ஆம் ஆண்டு உரை ஒப்பிட்டதோ பட்டதாரிகளையும் எழுத்தறியாதோரையும். எந்த இடத்துக்கு அவ்வெண் பொருந்தாது என்று ஆராய்ச்சியாளரே பின்னர்க் கூறினரோ, அந்த இடத்திலேயே அது பயன்படுத்தப்பட்டது.

தேக்காவில் கிடைத்த சான்று

‘பிறப்பால் வந்ததை மாற்ற இயலாது’ என்பது உரையின் அடியில் சொல்லாமல் நின்ற துணிபு. அதனை மறுப்பதற்கு அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. தேக்காவை அடுத்துள்ள கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையே போதும். 1966 இல் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் அங்குப் பிறந்தன.

1950களில் சிங்கப்பூரில் பிறந்த குழந்தைகள் பல, கடும் மஞ்சட்காமாலையால் மூளை பாதிக்கப்பட்டு இறந்தன, பிழைத்தனவும் ஊனமுற்றன. ஜி6பிடி என்னும் நொதி சிவப்பணுக்களில் குறைவாக இருப்பது அதற்கு முக்கியக் காரணம் என்பது ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. பேராசிரியர் வோங் ஹோக் பூன் இத்துறையில் பெரும்பணி ஆற்றினார். இக்குறை முற்றிலும் மரபுவழிப்பட்டது. இதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. மகனுக்கு எக்ஸ் ஒன்றே. அது தாயிடமிருந்து வருவது. ஆகவே குறையுள்ள மரபணுவை ஒரு குரோமோசோமில் தாங்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அக்குறை வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. தந்தையிடமிருந்து மகனுக்கு இது வருவதில்லை; மகள்கள் அனைவருக்கும் தந்தையின் எக்ஸ் செல்கிறது.

இதைவிடத் தெளிவான மரபுக்குறை வேறு இல்லை. ஆயினும் அன்று மருத்துவர்கள் செய்தது என்ன? இக்குறையுள்ள தாய்மாரைப் பிள்ளை பெறாமல் தடுக்கவில்லை. 1965 முதல் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்தனர். குறையுள்ள குழந்தைகளைச் சில நாள் மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்தனர். துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டை, சில நாட்டு மூலிகைகள், சில மருந்துகள் ஆகியவற்றைக் குழந்தைக்கு அருகில் கொண்டுவரலாகாது என்று தாய்மாருக்குக் கற்பித்தனர். அக்காமாலையால் மூளை கெட்டு மடியும் துயரம் நாட்டிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போயிற்று. மரபணு மாறவில்லை, அது இன்றும் தாயிடமிருந்து மகனுக்குச் செல்கிறது. விளைவோ மாறிவிட்டது. நூற்றுக்கு நூறு பிறப்பால் வரும் குறையே வளர்ப்புமுறையால் தீங்கற்றதாயிற்று என்றால், 80 என்னும் எண் யாருடைய ஊழையும் எவ்வாறு தீர்மானிக்க இயலும்?

பட்டமும் பிறவிக் குணமோ?

உரையின் மற்றொரு குறை, படித்த படிப்பைப் பிறவித் திறமையின் அளவுகோலாகக் கொண்டது. 1980 இல் கணக்கெடுக்கப்பட்ட நடுத்தர வயதுப் பெண்கள் சிறுமியராக இருந்த காலம் எத்தகையது? போரும் வறுமையும் சூழ்ந்த காலம் அது. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டு வேலை செய்யவும் பெண்பிள்ளைகள் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டனர். சிங்கப்பூரில் தொடக்கக் கல்வி சட்டப்படி கட்டாயமானதே 2003 இல்தான். பள்ளி வாயிலை மிதிக்காத ஒருத்திக்குப் பட்டம் இல்லை என்பது அவளது குடும்பத்தின் வறுமையை உரைக்கும். அவளது மரபணுவைப்பற்றி அது என்ன உரைக்கும்?

பின்வந்த வரலாறும் நோக்கற்குரியது. 25 வயதும் அதற்கு மேலும் உடைய சிங்கப்பூர் வாசிகளுள் பல்கலைக்கழகத் தகுதி பெற்றோர் 2010 இல் 23.7 விழுக்காடு, 2020 இல் 33 விழுக்காடு. இவ்வுயர்வில் குடியேறியவர் பங்கும் உண்டு. அதனைக் கழித்தாலும், கல்வி குறைந்த அன்றைய பெற்றோரின் மக்களும் பேரர்களுமே இவ்வெண்ணிக்கையில் பெரும்பகுதியினர் என்பதில் ஐயமில்லை. ஒரு மக்கட்கூட்டத்தின் மரபணுத் தொகுதி இரண்டொரு தலைமுறையில் இவ்வளவு மாறாது. மாறியது பள்ளி, மாறியது வீடு, மாறியது உணவு. உரை நிகழ்ந்த மறு ஆண்டிலேயே, 1984 இல், ஜேம்ஸ் ஃபிளின் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதற்கு அரணாயிற்று. 1932 முதல் 1978 வரை அமெரிக்கரின் அறிவுத்தேர்வுச் சராசரி ஏறத்தாழ 14 புள்ளிகள் உயர்ந்தது என்று அவர் காட்டினார். கல்வி குறைந்தோர் பிள்ளைகள் மிகுதலால் அறிவு தாழும் என்ற அச்சம் அங்கும் நெடுங்காலம் நிலவியதே. கண்ட முடிவு நேர்மாறானது.

இவ்வளவும் கூறியதனால் மரபுக்கு அறிவில் பங்கே இல்லை என்று கொள்ளலாகாது. அவ்வாறு கூறுவோரும் உரையாளரைப் போன்றே மறுகோடியில் தவறுகின்றனர். 2022 இல் ஏறத்தாழ 30 இலட்சம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்த அறிஞர்கள், படிப்பு ஆண்டுகளோடு தொடர்புடைய 3,952 இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டனர். ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறிது. எல்லாவற்றையும் சேர்த்துக் கணித்தாலும், படிப்பளவில் மனிதரிடையே காணும் வேறுபாட்டில் 12 முதல் 16 விழுக்காட்டையே முன்கூட்டி உரைக்க முடிந்தது. அதுவும் ஐரோப்பிய வழியினரிடம்; பிற இனத்தாரிடம் அக்கணிப்பு மிகவும் தளர்கிறது. மெண்டலின் பட்டாணியில் உருட்சியை ஒரு மரபணு தீர்மானித்தது. மனித அறிவில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் சிறுசிறு பங்கு பெறுகின்றன. அவை ஒவ்வொரு பிள்ளையிலும் புதிதாகக் கலைத்து அடுக்கப்படுகின்றன. தாயின் சான்றிதழைப் பார்த்து மகனின் அறிவை அளப்பவர் எதை அளக்கிறார் என்பதை இதனால் உணரலாம்.

லீ குவான் யூ கண்ட புள்ளிவிவரம் மெய்யே. மரபு என்று ஒன்று உண்டு என்ற அவர் துணிபும் மெய்யே. கூட்டத்தைப் பற்றிய எண்ணைத் தனி மனிதர்மேல் ஏற்றியதும், பட்டத்தைப் பிறவிக்குணமாகக் கொண்டதும், பிறப்பால் வந்தது மாறாது என்று எண்ணியதுமே அவர் வாதத்தின் மூன்று பிழைகள். இம்மூன்றும் சேர்ந்தபோது, சில தாய்மாரின் பிள்ளைகள் நாட்டுக்குச் செல்வம் என்றும் சில தாய்மாரின் பிள்ளைகள் சுமை என்றும் பிறக்கும் முன்பே பிரிக்கப்பட்டன. அறிவியலின் பெயரால் அப்பிரிவினைக்கு இடமில்லை.

பூன் லேயில் மதிப்பெண் தாளைக் கையில் பிடித்து நிற்கும் அத்தாய்க்கு மரபியல் சொல்லும் விடை இதுவே: அவளிடமிருந்து மகன் பெற்றது அவளது மரபணுக்களில் பாதி, அவள் இழந்த பள்ளி அப்பாதியில் இல்லை. நூலைப் போலச் சேலை என்பது உண்மைதான். ஆனால் நூல் தானே சேலையாவதில்லை. தறியும் வேண்டும், நெய்பவர் கையும் வேண்டும். தறியே கிடைக்காத வீட்டு நூலைப் பார்த்து ‘இது மட்ட நூல்’ என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.